‘போர்டு போச்சு’ என்று சொல்வதற்கு முன்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கோவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலருடைய பள்ளிகளில் இன்று அர்டுயினோ போர்டுகள் இருக்கின்றன. சில பள்ளிகளுக்கு அடல் டிங்கரிங் ஆய்வகம் வழியாக வந்தவை. சில பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக்காக ஆசிரியர்களே வாங்கியவை. அந்த அலமாரியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஓர் அட்டைப்பெட்டி தனியாக இருக்கும். அதன் மேல் ‘பழுது’ என்று எழுதியிருக்கும். இன்று அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் போன போர்டுகளில் உண்மையிலேயே எரிந்துபோனவை சில இருக்கலாம். ஆனால் ‘சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடல’ என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே போனவையும் இருக்கின்றன. விட்டு விட்டு வரும் இந்தப் பழுதுதான் மாணவர்களை அதிகம் சோர்வடையச் செய்கிறது. முழுதாக ஓடாத ஒன்றில் குற்றம் எங்கே என்று தேடத் தோன்றும். ஒரு நிமிடம் ஓடி மறு நிமிடம் நின்றால், ‘இதுக்கு மனசு வந்தா ஓடும்’ என்று விட்டுவிடத் தோன்றும். அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் இந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை போய்ப் பார்ப்போம். இரண்டு வழிகளில் மின்சாரம் பெறும் போர்டு, அந்த இரண்டு வழிகளுக்கும் இடையே நிலையில்லாமல் மாறி மாறித் தாவுவதுதான் அந்தப் பழுது.

பழுது எப்படி வந்தது

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மண்ணின் ஈரத்தை அளந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் மாதிரி ஒன்றைச் செய்தாள். ஈரம் அறியும் சென்சார், ஓர் ஊனோ போர்டு, குழாயைத் திருப்பச் சிறிய சர்வோ மோட்டார். கணினியுடன் யு.எஸ்.பி. கேபிளில் இணைத்திருந்தபோது நன்றாக ஓடியது. கண்காட்சி மேடையில் கேபிள் இல்லாமலும் ஓட வேண்டும் என்று, சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்றையும் ஜாக்கில் செருகினாள். சென்சார் காட்டும் எண்களைத் திரையில் பார்க்க வேண்டியிருந்ததால் கேபிளையும் கழற்றவில்லை.

அன்றிலிருந்து தொல்லை தொடங்கியது. சர்வோ திரும்பும்போது நடுங்கியது. போர்டில் இருந்த விளக்கு மினுக்கியது. மண் அப்படியே இருக்க, திரையில் ஈரத்தின் அளவு ஏறி இறங்கியது.

“நேத்து நல்லாத்தானுங்க சார் ஓடுச்சு. இப்ப ரெண்டு கரண்டும் குடுத்திருக்கேன், அப்பவும் இப்படி பண்ணுதுங்க சார். போர்டு போச்சுங்களா?”

“போச்சோ இல்லையோ, அதை அளந்து பாத்துட்டுச் சொல்லலாம் கண்ணு. மல்டிமீட்டரை எடுத்துட்டு வா.”

அவள் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்ததைக் கவனியுங்கள். இரண்டு வழியில் மின்சாரம் கொடுத்தால் இரட்டிப்பு பலம் கிடைக்கும் என்பது அந்த நம்பிக்கை. மாட்டு வண்டியில் இரண்டாவது மாட்டைப் பூட்டுவது போல அவள் நினைத்தாள். போர்டு அப்படி வேலை செய்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வழியைத்தான் அது தேர்ந்தெடுக்க முயல்கிறது.

போர்டு எப்படித் தேர்ந்தெடுக்கிறது

அர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவானது. ஊனோ என்றால் இத்தாலிய மொழியில் ஒன்று என்று பொருள். இதன் மின்சுற்று வரைபடம் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருப்பது நமக்குக் கிடைத்த வரம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, படித்தே தெரிந்துகொள்ளலாம். நான் சொல்வது ஊனோ ஆர்3 என்ற வகையைப் பற்றி. வேறு வகைகளிலும், அதைப் பார்த்துச் செய்த மலிவுப் போர்டுகளிலும் சில பாகங்கள் மாறியிருக்கலாம்.

இந்தப் போர்டுக்கு மின்சாரம் வர இரண்டு வாசல்கள் உண்டு.

முதல் வாசல் யு.எஸ்.பி. அதில் 5 வோல்ட் வருகிறது. 500 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் சூடாகித் தடுத்து, ஆறியதும் தானே சரியாகும் ஒரு ஃபியூஸ் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒரு மாஸ்ஃபெட். இதை ஒரு மின்னணுக் கதவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இரண்டாம் வாசல் வட்டமான ஜாக். அதில் 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கச் சொல்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு டையோடு. நேர்முனை எதிர்முனை மாற்றிக் கொடுத்தாலும் போர்டு எரியாமல் காப்பது அதுதான். அதைக் கடக்கும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட் குறைந்துவிடும். குறைந்த பிறகு மீதியிருப்பதைத்தான் போர்டின் ஓரத்தில் ‘வின்’ என்று அச்சிட்ட முனையில் அளக்கிறோம். அங்கிருந்து ரெகுலேட்டர், அதாவது மின்னழுத்தச் சீராக்கி, 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது.

இனி, எந்த வாசல் என்று முடிவு செய்வது யார்? போர்டில் எல்.எம்.வி.358 என்ற சிறிய சில்லு இருக்கிறது. செயல்பாட்டுப் பெருக்கிதான் இது. இங்கே இது ஒப்பிடும் வேலையைச் செய்கிறது. 10 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு, வின் மின்னழுத்தத்தைச் சரிபாதியாக்கி ஒரு பக்கம் கொடுக்கின்றன. மறுபக்கம் 3.3 வோல்ட் இருக்கிறது. பாதி வின் 3.3-ஐத் தாண்டினால், ‘ஜாக்கில் போதுமான மின்சாரம் இருக்கிறது’ என்று முடிவு செய்து யு.எஸ்.பி. கதவை மூடுகிறது. தாண்டாவிட்டால் கதவைத் திறக்கிறது.

3.3-ஐ இரண்டால் பெருக்கினால் 6.6. ஆக, வின் முனையில் 6.6 வோல்ட்தான் எல்லைக்கோடு. டையோடில் குறைவதையும் சேர்த்தால், பேட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 7.3 வோல்ட் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன்கூட இந்தக் கணக்கைப் போட்டுவிடுவான்.

அளக்கும் வரிசை

விட்டு விட்டு வரும் பழுதைத் தேடும்போது ஒரே ஒரு விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய உடனே அளந்து எழுது. வயரை மாற்றி, பேட்டரியை மாற்றி, புரோகிராமையும் மாற்றிய பிறகு ஓடினால், எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் மீண்டும் நிற்கும்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் போர்டின் ஜி.என்.டி.யில் வைத்தோம். சிவப்பு முனையை 5 வோல்ட், வின், 3.3 வோல்ட் என்ற மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்தோம். குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதினாள்.

முதலில் யு.எஸ்.பி. மட்டும். சர்வோ நிற்கும்போதும் ஓடும்போதும் 5 வோல்ட் முனையில் பெரிய மாற்றமில்லை. போர்டு, புரோகிராம், சர்வோ மூன்றும் சரி என்று இந்த ஒரு சோதனையே சொல்லிவிட்டது. பழுது பார்ப்பதில் இது முக்கியமான படி. எது கெடவில்லை என்று தெரிந்துகொண்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

அடுத்து பேட்டரி மட்டும், சர்வோ கழற்றிய நிலையில். வின் 6.6-க்கு மேல் நின்றது. 5 வோல்ட் முனையில் 5 வோல்ட்டே இருந்தது. குறையில்லை.

மூன்றாவதாக பேட்டரி மட்டும், சர்வோவுடன். சர்வோ திரும்பத் தொடங்கிய உடனே வின் சரிந்தது, 5 வோல்ட்டும் சரிந்தது. போர்டு நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கடைசியாக இரண்டும் சேர்த்து. மல்டிமீட்டரில் எண்கள் நிற்கவேயில்லை.

“பேட்டரிதானுங்களா சார்? ஆனா தனியா அளந்தா எட்டு வோல்ட்டுக்கு மேல காட்டுதுங்களே!”

இந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

பேட்டரி காட்டுவதும் கொடுப்பதும்

மின்னோட்டம் எடுக்காதபோது மல்டிமீட்டர் காட்டுவது பேட்டரியின் மின்னியக்கு விசை. மின்னோட்டம் எடுக்கத் தொடங்கினால் பேட்டரிக்குள்ளேயே ஒரு பகுதி இழப்பாகிறது. அதற்குக் காரணம் அகமின்தடை. பன்னிரண்டாம் வகுப்பில் இதை வாய்பாடாக நடத்துகிறோம். புதிய பேட்டரியில் இது ஓரிரு ஓம் இருக்கலாம். பேட்டரி பழையதாக ஆக இது பல மடங்கு கூடும். சதுர 9 வோல்ட் பேட்டரி புகை எச்சரிக்கைக் கருவி, மல்டிமீட்டர் போன்று கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும் பொருள்களுக்கு ஏற்றது. மோட்டாரை இழுக்கும் தெம்பு அதற்குக் கிடையாது.

கரும்பலகையில் ஒரு கணக்கு போட்டோம். பேட்டரியின் மின்னியக்கு விசை 8.2 வோல்ட், அகமின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

போர்டு மட்டும் ஓடும்போது 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது எனலாம். உள்ளே இழப்பு 0.5 வோல்ட். பேட்டரி முனையில் 7.7. டையோடு கழித்து வின் 7.0. எல்லைக்கோட்டுக்கு மேலே இருப்பதால் போர்டு பேட்டரியைத் தேர்ந்தெடுக்கிறது, யு.எஸ்.பி. கதவை மூடுகிறது.

சர்வோ ஓடத் தொடங்கி மொத்தம் 200 மில்லி ஆம்பியர் ஆகிறது. உள்ளே இழப்பு 2 வோல்ட். பேட்டரி முனையில் 6.2. வின் 5.5. எல்லைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது. போர்டு யு.எஸ்.பி. கதவைத் திறக்கிறது.

இப்போது சுமையை யு.எஸ்.பி. ஏற்றுக்கொள்கிறது. பேட்டரியிலிருந்து யாரும் மின்னோட்டம் எடுக்கவில்லை. எடுக்காததால் உள்ளே இழப்பும் இல்லை. வின் திரும்ப 7.5-க்கு ஏறுகிறது. உடனே ஒப்பிடும் சில்லு, ‘பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று யு.எஸ்.பி. கதவை மூடுகிறது. சுமை பேட்டரி மேல் விழுகிறது. வின் மீண்டும் 5.5. கதவு திறக்கிறது. ஏறுகிறது. மூடுகிறது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலைதான். போர்டில் எந்தப் பாகமும் கெடவில்லை. ஒவ்வொரு பாகமும் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்கிறது. அந்தச் சரியான செயல்கள் ஒன்றையொன்று துரத்துவதுதான் நமக்குப் பழுதாகத் தெரிகிறது.

எத்தனை மில்லி ஆம்பியரில் இந்தத் தாவல் தொடங்கும் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 8.2-லிருந்து 7.3-ஐக் கழித்தால் 0.9 வோல்ட். அதை 10 ஓமால் வகுத்தால் 90 மில்லி ஆம்பியர். ஓம் விதியின் பயன் ஒரே வரியில் புரிந்துவிடும்.

மண் ஈரத்தின் அளவு ஏன் தாவியது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சென்சாரின் மின்னழுத்தத்தைப் போர்டு தன்னுடைய 5 வோல்ட்டோடு ஒப்பிட்டுத்தான் எண்ணாக மாற்றுகிறது. அந்த 5 வோல்ட்டே ஆடினால், அளக்கும் முழக்கோலே நீண்டு சுருங்குவது போலத்தான். ஈரம் மாறவில்லை, அளவுகோல் மாறியது.

தோட்டத்து மோட்டாரில் இதே கதை

இந்த விளக்கத்தைக் கேட்டதும் பின்வரிசைப் பையன் ஒருவன், “எங்க தோட்டத்து ஸ்டார்ட்டர் மாதிரியே இருக்குங்க சார்” என்றான். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

லோ வோல்டேஜ் நேரத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர் கடகடவென்று அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் காண்டாக்டர் இழுத்துப் பிடிக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கிறது. நீளமான கம்பியில் மின்னழுத்தம் விழுகிறது. காண்டாக்டரைப் பிடித்து வைக்கும் அளவு இல்லாததால் விட்டுவிடுகிறது. சுமை போனதும் மின்னழுத்தம் ஏறுகிறது. மறுபடி இழுக்கிறது. கம்பியின் மின்தடை அங்கே செய்வதைத்தான் பேட்டரியின் அகமின்தடை இங்கே செய்கிறது. தோட்டத்தில் காதால் கேட்பதைப் போர்டில் விளக்கின் மினுக்கலாகக் கண்ணால் பார்க்கிறோம்.

நம் ஊருக்கு இந்த அறிவு புதிதல்ல. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கி, மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது கோவையின் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் பெரிய ஊக்கமானது. ஜி.டி.நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிக் கற்றவர். 2012-ஆம் ஆண்டை ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் சிறு தொழிற்கூடங்கள் மின்வாரிய இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே சேஞ்ச் ஓவர் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர். பட்டறையில் மோட்டார் நின்றால், கழற்றிப் பார்க்காமல் ‘போச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் பள்ளி ஆய்வகத்துக்குள்ளும் வர வேண்டும்.

தயக்கம் தேவைப்படும் இடம்

தாவலைத் தடுக்கப் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டு மேல்நிலைத் தொட்டியின் ஆட்டோ சுவிட்சை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும். மேலே வேறோர் அளவு நிரம்பினால்தான் நிற்கும். ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே கோடு என்று வைத்தால், ஒரு குவளை தண்ணீர் எடுத்தாலும் மோட்டார் ஓடும், உடனே நிற்கும், மறுபடி ஓடும். நாலு நாளில் மோட்டார் போய்விடும்.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே விடும் இந்த இடைவெளிக்குத் தயக்கம் என்று பெயர். காந்தவியலில் காந்தத் தயக்கம் என்று நடத்துகிறோமே, அதே சொல்தான். மின்னணுவியலில் இதைச் செய்யும் சுற்றுக்கு ஷ்மிட் டிரிகர் என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த ஓட்டோ ஷ்மிட் 1930-களில் மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் செய்தி எப்படிப் பாய்கிறது என்று ஆராய்ந்ததிலிருந்து இதை உருவாக்கினார். உயிரியல் ஆசிரியர்கள் இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊனோ ஆர்3-இன் ஒப்பிடும் பகுதியில் இப்படிப்பட்ட தயக்கம் சேர்க்கப்படவில்லை. போவதற்கும் வருவதற்கும் 6.6 என்ற ஒரே கோடு. நல்ல அடாப்டரைச் செருகினால் அதுவே போதும். நம் கணக்கில், யு.எஸ்.பி.யிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப 7.6 வோல்ட் வேண்டும் என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் கேட்டேன். வின் 7.5-க்குத்தான் ஏறுகிறது. ஆகவே யு.எஸ்.பி.யிலேயே அமைதியாக நின்றிருக்கும். இதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

என்ன செய்தோம்

போர்டில் கை வைக்கவில்லை. மூன்று மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அளந்தோம்.

முதலாவது, சர்வோவுக்குத் தனி மின்சாரம். நான்கு பென்டார்ச் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 6 வோல்ட்டை நேரே சர்வோவுக்குக் கொடுத்தோம். சிறிய சர்வோக்கள் பல 4.8 முதல் 6 வோல்ட்டில் ஓடுபவை, இருந்தாலும் அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டே இணைக்க வேண்டும். சர்வோ பேட்டரியின் எதிர்முனையும் போர்டின் ஜி.என்.டி.யும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டு அனுப்பும் கட்டளை சர்வோவுக்குப் புரியாது.

இரண்டாவது, போர்டுக்குச் சதுர பேட்டரிக்குப் பதிலாக ஆறு பென்டார்ச் பேட்டரிகள். இதுவும் 9 வோல்ட்தான், ஆனால் அகமின்தடை குறைவு. ‘வோல்ட் ஒன்றுதானே, ஏன் வித்தியாசம்?’ என்று பிள்ளைகளைக் கேட்டு விடையை வரவழைத்தோம். மின்சார வசதி உள்ள மேடையாக இருந்தால் 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரே போதும்.

மூன்றாவது, ஓட்டும்போது ஒரே வழியில் மட்டும் மின்சாரம் கொடுக்கும் பழக்கம்.

முதல் மாற்றத்திலேயே நடுக்கம் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் கண்காட்சி நாள் முழுவதும் தாங்குவதற்காக.

எல்லாத் தாவலுக்கும் பேட்டரியே காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேறு நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும். ஜாக்கில் செருகிய பின் தளர்ந்திருந்தால், மெல்ல அசைக்கும்போதெல்லாம் வின் எண் துள்ளும். பழைய அடாப்டரில் மின்தேக்கி வலுவிழந்திருந்தால், மல்டிமீட்டரில் சரியாகக் காட்டியும் சுமை ஏறும்போது வின் நொடிக்கு நூறு முறை பள்ளம் விழும். 3.3 வோல்ட் முனையில் அதிகச் சுமை மாட்டினால், ஒப்பிடும் அளவுகோலே இறங்கி எல்லைக்கோடு இடம் மாறும், அதனால்தான் 3.3-ஐயும் அளக்கச் சொன்னேன். கடைசியாக, 12 வோல்ட் கொடுத்துச் சர்வோவையும் போர்டிலிருந்தே ஓட்டினால், டையோடில் குறைந்தது போக ரெகுலேட்டர் ஏறத்தாழ 6.3 வோல்ட்டை வெப்பமாகக் கழிக்க வேண்டும். 200 மில்லி ஆம்பியரில் அது ஏறத்தாழ 1.26 வாட். மிகவும் சூடானால் தானே நிறுத்திக்கொண்டு, ஆறியதும் தொடரும். இது நொடிக்கணக்கில் மெதுவாக நடப்பதால் பேட்டரித் தாவலிலிருந்து பிரித்து அறியலாம். ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுடும்.

மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். வேகமான தாவல் அதில் தெரியாது. எங்களிடம் ஆசிலோஸ்கோப் இல்லை, அதனால் இரண்டாவது ஊனோவை அளக்கும் கருவியாக்கினோம். அதைத் தனியே யு.எஸ்.பி.யில் இயக்கி, இரண்டு போர்டுகளின் ஜி.என்.டி.யையும் இணைத்து, முதல் போர்டின் வின்னைச் சமமான இரண்டு மின்தடைகளால் பாதியாக்கி, இரண்டாவதன் ஏ0 முனைக்குக் கொடுத்தோம். வின் ஏறி இறங்குவது கணினித் திரையில் கோடாக ஓடியது. 9 வோல்ட் பேட்டரி வரை மட்டுமே இதைச் செய்யலாம். 12 வோல்ட்டின் பாதி 5 வோல்ட்டைத் தாண்டுவதால், அளக்கும் போர்டுதான் உண்மையிலேயே கெட்டுப்போகக்கூடும்.

எந்த வகுப்பில் எப்படி

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், ‘இதில் நமக்கு என்ன?’ என்று நினைக்க வேண்டாம். இரண்டு டார்ச் பேட்டரி, ஒரு பல்பு, ஒரு சிறிய மோட்டார் போதும். பல்பு எரியும்போது மோட்டாரையும் அதே பேட்டரியில் இணைக்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் மங்கும். ஏன் மங்கியது என்று பிள்ளைகள் ஊகித்துச் சொல்லட்டும். பிறகு பழைய பேட்டரியைப் போட்டுப் பாருங்கள், இன்னும் மங்கும். ஐந்தாம் வகுப்பில் இதைப் பார்த்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அகமின்தடை அந்நியமாகத் தெரியாது.

நடுநிலை வகுப்பில் மல்டிமீட்டரைப் பிடிக்கவும் அட்டவணை எழுதவும் பழக்கலாம். பத்தாம் வகுப்பில் ஓம் விதிக் கணக்குக்கு இந்தப் பேட்டரியையே எடுக்கலாம். மேல்நிலையில் ஒப்பிடும் சுற்றையும் தயக்கத்தையும் பிரெட்போர்டில் அமைக்கலாம். சோதனைகள் எல்லாம் பேட்டரியிலும் சிறிய அடாப்டரிலும் மட்டுமே. வீட்டு 230 வோல்ட் இணைப்பையும் தோட்டத்து ஸ்டார்ட்டரையும் எந்தப் பிள்ளையும் திறக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் ஆய்வக அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். ‘பழுதுக் குறிப்பேடு’ என்று பெயர் எழுதுங்கள். ஒரு போர்டு ஓடவில்லை என்றால் மாணவர்கள் அதில் ஐந்து வரி எழுத வேண்டும்: என்ன நடந்தது, எதை அளந்தோம், எவ்வளவு காட்டியது, எதை மாற்றினோம், மாற்றிய பிறகு எவ்வளவு. இந்த ஐந்தும் எழுதாமல் எந்தப் போர்டும் ‘பழுது’ பெட்டிக்குள் போகக் கூடாது. இந்த நோட்டு வந்த பிறகு எங்கள் பெட்டியிலிருந்து சில போர்டுகள் மறுபடி மேசைக்கு வந்தன. சில உண்மையிலேயே கெட்டவை என்பதும் எழுத்தில் உறுதியானது. போர்டை வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ‘எனக்கு இதெல்லாம் வராதுங்க சார்’ என்று ஒதுங்கிப் போகும் பிள்ளையைத் திரும்ப மேசைக்கு அழைத்து வருவதுதான் கடினம். அளந்து பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அவ்வளவு எளிதில் ஒதுங்கிப் போவதில்லை.

அடுத்த வாரம் உங்கள் பள்ளியின் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு போர்டை எடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து வின் முனையை அளந்து பாருங்கள்.